முந்நூறிலிருந்து ஏழு ஏழாக

கண்ணை முழுசாக மூடும் அந்த விஆர் கண்ணாடியை மாட்டியதும் முதலில் வந்தது வாசனைதான். எனக்கு முன்னால் மாட்டியவளின் தேங்காயெண்ணெயும் பவுடரும் வேர்வையும் அந்தப் பஞ்சுப் பட்டையில் ஊறிப்போய் இப்போது என் நெற்றியில் ஒட்டுகின்றன, பதினோராவது நிமிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவள் அவள், அந்த ஓட்டத்தின் வேர்வை இது, போகட்டும், பஸ்ஸில் முன்பின் தெரியாதவள் தோளில் தூங்கி விழுவதில்லையா, அது மாதிரிதான். "சௌகரியமா இருக்குதுங்களாக்கா?" என்கிறாள் கீர்த்தனா மேடம். கோயம்புத்தூர்ப் பிள்ளை, என்னைவிட நாலைந்து வயது சின்னவள், ஆனாலும் சோதனை வைக்க வந்தவள் என்பதால் மேடம். "கல்யாணப் பொண்ணுக்கு நெத்திச்சுட்டி இறுக்கின மாதிரி இருக்கு மேடம்" என்றேன். சிரித்தாள். சிரிக்க வைத்தாயிற்று, இனி என் மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கும். ஏசி ஓடும் தகரக் கேபினில் சுழல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கையிலும் இரண்டு கம்பு, காலடியில் ஒரு வாளி, இது எனக்குத் தெரிகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அறுபதடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவர் உட்காரும் ஒரு கண்ணாடிக் கூண்டு, தரையும் கண்ணாடி, என் முட்டிகளுக்கு நடுவே பார்த்தால் கீழே கன்டெய்னர் யார்டு. எங்கள் யார்டேதான். அதே மாதிரி அடுக்கிய பெட்டிகள், சிவப்பு, நீலம், துரு. ஆனால் எனக்குத்தான் முட்டி இல்லை. குனிந்து பார்க்கிறேன், தொடை இல்லை, சேலை இல்லை, ஒன்றும் இல்லை. செத்துப்போனவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்போல.

"மறுபடி சொல்லிடறேனுங்க்கா. அரை மணி நேரம். கழட்டக் கூடாது. ஆறு பெட்டி எடுத்து ஆறு டிரெய்லர்ல வைக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நான் கேப்பேன், குமட்டல் எவ்வளவுன்னு பூஜ்யத்துல இருந்து இருபதுக்குள்ள சொல்லணும். பத்துக்கு மேல போச்சுன்னா நிறுத்திருவேன். பாதி நேரம் ஆனதும் மணி அடிக்கும், ஒவ்வொரு மணிக்கும் முந்நூறுல இருந்து ஏழு ஏழாக் குறைச்சுச் சொல்லிட்டே வரணும். தொடர்ந்து மூணு தடவை மணி அடிச்சும் சத்தமே வரலைன்னா அவுட்டு." அது எதற்கு மேடம் என்று கேட்டதற்கு, நிஜக் கிரேனில் காதில் வயர்லெஸ் ஓயாமல் கத்தும், மூளைக்கு வேறு வேலை கொடுத்தும் கை ஓடுகிறதா என்று பார்க்கத்தான் என்றாள். நியாயம்தான். ஏழுதானே. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே டீச்சர், ஒரே கூரை, பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாகச் சொன்னால்தான் சத்துணவுக்கு எழும்ப விடுவாள், பசியிலேயே படித்த கணக்கு, அது மறக்காது. கம்பைத் தள்ளினேன். யார்டு எனக்கு அடியில் பின்னால் நகர்ந்தது. நான் நகரவில்லை. வயிற்றுக்குள் யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சிரிப்பாகவும் இருக்கிறது. மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கிடப்பார்கள், நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து சீவலைத் தின்றுகொண்டு வருவேன். தோணியில் போனாலும் எனக்கு ஒன்றும் செய்யாது. இப்போது நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், வாயில் உப்புத்தண்ணீர் ஊறுகிறது. உடம்பு இங்கே இருக்கிறது, கண் மட்டும் ஊருக்குப் போய்விட்டு வருகிறது, இரண்டுக்கும் சண்டை, நடுவில் வயிறு பாவம் யார் பக்கம் சாட்சி சொல்லும். முதல் பெட்டியின் மேல் கிரேனின் சட்டத்தை இறக்கினேன், நாலு மூலையும் கவ்வியது, தூக்கினேன். பெட்டி ஆடுகிறது. அது ஆடுவதற்கு எதிர்ப்பக்கமாக என் தலைக்குள் ஏதோ ஆடுகிறது. பின்கழுத்தில் வேர்வை, ஏசிக் காற்று அதில் பட்டு ஈரத்துணி போட்ட மாதிரி. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் பெட்டி கையில் இருக்கிறது. "அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க்கா. எவ்வளவு?" "ரெண்டு மேடம்." எட்டு. பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்கிற மாதிரி ஒரு பொய், அவ்வளவுதான். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பெட்டி நம்பரைக் கேமராவே படித்துக்கொள்ளும். பெட்டி வரவர நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு வெயிலில் நிற்கும் டேலி வேலையே இனி கிடையாது. டேலிக்காரிகள் ஐந்து பேர், கிரேன் சீட்டு இரண்டு. மூன்று பேர் போய்விட்டார்கள், ஒருத்திகூட அரை மணியைத் தாண்டவில்லை. பாக்கி நானும் ஜெனோவாவும். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் ஏறினாலே வாந்தி எடுப்பவள், புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம், இரண்டு பையன்கள். உள்ளே வரும்போது என் கையைப் பிடித்து, "ஏட்டி, நீ போயி எப்பிடின்னு பாத்துட்டு வந்து சொல்லு, உன் கண்ணால நான் பொழச்சுக்கிடுதேன்" என்றாள். "என் கண்ணு என்ன வாடகைக்கா விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது பெட்டி. கீழே ஆட்கள். முதலில் பார்த்தபோது திக்கென்றது. மஞ்சள் தொப்பி, ஆரஞ்சுச் சட்டை, இரண்டு பேர் மூன்று பேராக டிரெய்லர் பக்கம் போகிறார்கள் வருகிறார்கள். பெட்டியின் மூலைகளில் பூட்டு மாட்டிக் கழற்றும் ஆட்கள். என் வீட்டுக்காரர் சுடலைமணி செய்வது அந்த வேலைதான், எந்தக் கிரேன் எங்கே நகர்ந்தாலும் அதற்குக் கீழே அவருடைய செட்டு ஓட வேண்டும். நேற்றுச் சாப்பிடும்போது, "ஏளா, நீ மேல உக்காந்தா நான் கீழயிருந்து அண்ணாந்து பாத்து வணக்கம் போடணுமோ" என்றார். "வணக்கம் மட்டும் போதாது, சேலையையும் துவச்சுப் போடணும்" என்றேன். நித்திலா தட்டில் தண்ணீரை ஊற்றிக் கைகொட்டினாள், அவளுக்கு இரண்டு வயது, எல்லாமே கைகொட்டத்தான். இந்தப் பொம்மை ஆட்களுக்கு முகம் இல்லை. தொப்பிக்குக் கீழே மழமழவென்று ஒரு தோல். நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும், அவர்கள் நிமிர்வதில்லை. மஞ்சள் தொப்பி. வேண்டாம், அந்தப் பக்கம் நினைப்புப் போக வேண்டாம், பெட்டியைப் பார். குனிந்து கண்ணாடித் தரை வழியாகப் பார்க்கும்போதுதான் அதிகம் புரட்டுகிறது, தலையைக் குனிந்தால் கீழே இருப்பதெல்லாம் ஒரு விநாடி பிந்தி வந்து சேருகிறது, நெய் உருகி வழிகிற மாதிரி. "பத்து நிமிஷம்." "ரெண்டுதான் மேடம்." பதினொன்று. "உங்க முகமெல்லாம் வேர்த்திருக்குதுங்க்கா." "எங்க ஊர்க்காரிக்குப் பொறந்ததுல இருந்தே வேர்வை மேடம்." மூன்றாவது பெட்டியை வைக்கும்போது தொண்டை வரை வந்துவிட்டது, காலையில் குடித்த கட்டங்காப்பியின் புளிப்பு, பல்லைக் கடித்து விழுங்கினேன், நாற்காலியின் அடியில் வலது காலால் தரையைத் தேடித் தேடி அழுத்தினேன், தரை இருக்கிறது, சிமென்ட் தரை இருக்கிறது, நான் விழவில்லை, பதினைந்து நிமிடம், "மூணு மேடம்", பதினான்கு, இனி ஒரு நிமிடம்கூடத் தாங்காது, வாளி எங்கே இருந்தது, இடதா வலதா. மணி அடித்தது.

"இருநூத்தித் தொண்ணூத்தி மூணு." சொன்ன வாய் என்னுடையதுதானா என்று சந்தேகம். "இருநூத்தி எம்பத்தாறு." இருநூற்று எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு. வாய்க்குள் எண் இருக்கும்போது எச்சில் ஊறவில்லை. கவனித்தேன். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில்தான் வயிறு எழும்புகிறது, ஆகவே நடுவிலேயும் எண்ணு, அடுத்ததை முன்கூட்டியே எடுத்து நாக்கில் வைத்துக்கொள், அதற்கடுத்ததைக் கன்னத்தில் அடக்கு, இருநூற்று அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, புரட்டல் கீழிறங்குகிறது, வெந்நீர்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியதுபோல. அடிப்பாவி, இது எனக்குத் தெரிந்த வைத்தியம்தானே. நித்திலா வயிற்றில் இருந்தபோது ஐந்து மாதம் வரைக்கும் மசக்கை, யார்டில் நின்று வேலை பார்க்க வேண்டும், டீசல் புகை, மீன்தூள் மூட்டை ஏற்றிய பெட்டியின் நாற்றம், அப்போது நானே கண்டுபிடித்தேன், பெட்டி நம்பரில் ஏழு இலக்கம் இருக்கும், ஏழையும் மனதுக்குள் கூட்டு, விடை வரும்வரை வாந்தி வராது, அடுத்த பெட்டி, மறுபடி கூட்டு. ஒருநாள்கூட வேலையில் வாந்தி எடுத்ததில்லை, "கெட்டிக்காரி" என்றார் மேனேஜர். இருநூற்று நாற்பத்து நான்கு. முப்பத்தேழு. நாலாவது பெட்டி தானாகப் போய் டிரெய்லரில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. கை தனியாக வேலை செய்கிறது, வாய் தனியாக, நான் ரெண்டுக்கும் நடுவில் குளிர்ந்த இடத்தில் இருக்கிறேன். "இருபது நிமிஷம். எவ்வளவுங்க்கா?" "ஒண்ணு மேடம்." இது நிஜம். "சூப்பருங்க்கா. இதுவரைக்கும் யாரும் இப்படி வந்ததில்லை." சந்தோஷத்தில் ஒரு பாட்டுப் பாடலாம் போலிருந்தது, எண்ணைத்தான் பாடினேன், நூற்றுத் தொண்ணூற்றைந்து, எண்பத்தெட்டு, எண்பத்தொன்று. சீட்டு எனக்குத்தான். நித்திலாவைப் பாலர் பள்ளியில் போடலாம், எதிர்வீட்டு மதினியிடம் தினம் கெஞ்ச வேண்டாம். ஜெனோவாவுக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம், எண்ணிக்கொண்டே இரு, வேறு எதையும் பார்க்காதே, அவ்வளவுதான், அவள் பிளஸ் டூவில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல், நூற்று அறுபது, ஐம்பத்து மூன்று, இரண்டு சீட்டும் எங்களுக்கே, மேலே இருந்து கையாட்டிக்கொள்வோம்.

வேறு எதையும் பார்க்காதே. நூற்று நாற்பத்தாறு. அந்த வார்த்தை ஏன் இடறியது. நூற்று முப்பத்தொன்பது. ஐந்தாவது பெட்டி எப்போது வைத்தேன். வைத்துவிட்டேன், டிரெய்லரில் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது, வைத்தது நினைவில்லை. நூற்று முப்பத்திரண்டு. கீழே ஆட்கள் இருந்தார்களே. இப்போது ஆறாவதைத் தூக்குகிறேன், நூற்று இருபத்தைந்து, ஆட்கள் எங்கே என்று பார்க்கக் குனிந்தால் புரட்டும், பார்க்க வேண்டாம், நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினொன்று. முத்துராஜ் அண்ணன் வந்துவிட்டார். வரக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் அந்த நினைப்பைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். அவரும் என் வீட்டுக்காரர் செட்டுத்தான், வெற்றிலை போடுவார், மாசமாக இருந்த என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு என் பேரை வச்சா ஒரு தொட்டில் வாங்கித் தாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அன்றைக்குப் பதினொன்றேகால் மணி. எனக்கும் அவருக்கும் நடுவில் நாற்பதடிகூட இல்லை. இறங்கிக்கொண்டிருந்த பெட்டியின் நம்பரை நான் அண்ணாந்து பார்த்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். நூற்று நான்கு. கூட்டினால் முப்பத்தொன்று வந்தது, அது இன்றைக்கும் நினைவிருக்கிறது, அவர் எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தார் என்பது நினைவில்லை, ஏனென்றால் நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் ஒரு சத்தம், ஏ அண்ணாச்சி என்று ஒரே ஒரு சத்தம் போதும். பெட்டி அவர் மேலேயே இறங்கிவிட்டது. "நீ பாத்தியாம்மா?" என்று விசாரணையில் கேட்டார்கள். "பாக்கலை சார்" என்றேன். கம்பெனிக்குப் பயந்து மறைக்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். மறைக்கவில்லை. நாற்பதடியில் நின்று பார்க்கவில்லை. வாந்தி எடுக்காமல் இருப்பதற்காகக் கூட்டிக்கொண்டிருந்தேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, கட்டிய புருஷனிடம்கூட. மஞ்சள் தொப்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை, தனியாக உருண்டு வந்து என் காலருகே நின்றது. அந்தப் பெட்டியின் நம்பரை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன்.

"தொண்ணூத்தி ஏழு." பெட்டி காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. "தொண்ணூறு." இன்னும் பன்னிரண்டு எண். ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் குனிந்து பார்த்துக்கொள்ளலாம், நிஜக் கிரேன் நிஜமாக நகரும், கண்ணும் உடம்பும் சேர்ந்தே போகும், இப்படிப் புரட்டாது, புரட்டாது என்று யார் சொன்னார்கள், புரட்டினால் என்ன செய்வேன், எண்ணுவேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எண்ணினால் கீழே பார்க்க மாட்டேன். கீழே அவர் செட்டு. "எம்பத்தி மூணு." குரல் நன்றாகத்தான் வந்தது. "இருபத்தஞ்சு நிமிஷம், குமட்டல்?" "ஒண்ணு." அப்புறம் குனிந்தேன். வேண்டுமென்றேதான் குனிந்தேன். கண்ணாடித் தரைக்குக் கீழே, பெட்டியின் நிழல் போகிற பாதையில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் டிரெய்லரின் மூலையில் குனிந்து பூட்டைத் திருகிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. எழுபத்து எட்டா, எழுபத்தாறா, அதைத் தேடினால் அவன் மறைந்துவிடுவான். விட்டேன். கம்பை மெல்ல இழுத்தேன், பெட்டி நின்று ஆடியது, அதன் நிழல் அவன் முதுகில் ஏறி இறங்கி ஏறியது. "அக்கா, நம்பர் சொல்லுங்க." போயேன்டா. நகரேன்டா. அவன் திருகிக்கொண்டே இருந்தான். யார்டு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வயிறு கழுத்துக்கு ஏறியது, மணி, "அக்கா, இன்னொண்ணு விட்டா அவுட்டுங்க்கா", பெட்டி ஆட்டம் நிற்கும்வரை பிடித்திரு, கையை எடுக்காதே, அவன் நிமிர்ந்தான், ஒதுங்கினான், மற்ற இருவரும் ஒதுங்கினார்கள், மூன்று, மூன்று பேரும் வெளியே, இறக்கினேன், உட்கார்ந்தது, மணி, கண்ணாடியைப் பிடுங்கி வாளியைத் தேடினேன். இடது பக்கம் இருந்தது.

கட்டங்காப்பிதான், வேறொன்றும் இல்லை, அதற்கே குடல் வெளியே வந்துவிடும்போல் மூன்று தடவை. கீர்த்தனா மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நல்ல பிள்ளை, கண் கலங்கியிருந்தது. "ஏனுங்க்கா விட்டீங்க? எம்பத்தி மூணு வரைக்கும் ஒரு தப்பு இல்லை. நாலு நிமிஷந்தான் பாக்கி." "கீழ ஆள் நின்னாங்க மேடம்." அவளுக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது. "அய்யோ, அது சும்மா பொம்மைங்க்கா. யார்டு மாதிரித் தெரியணும்னு போட்டது. பெட்டி மேல பட்டாலும் ஒண்ணும் ஆகாது, அப்படியே உள்ள பூந்து போயிரும். அதுக்கு மார்க்கெல்லாம் கெடையாது." வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "அப்பம் முன்னாடி, நாலாவது அஞ்சாவது பெட்டியில, நான் எத்தனை பேரு மேல போனேன்?" அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதை மிஷின் எண்ணாதுங்க்கா." கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் பிரம்மசக்தி என்று போட்டேன். என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும். வாளியைப் பின்னால் குழாயில் கொண்டுபோய்க் கழுவினேன், அதையும் இன்னொருத்தி செய்யட்டும் என்று விட முடியுமா, பினாயில் ஊற்றி இரண்டு தரம் அலசினேன். வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனால் தரை நின்றது.

பெஞ்சிலிருந்து ஜெனோவா எழுந்து வந்தாள். "என்னட்டி ஆச்சு, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" "போச்சு." "யம்மா. நீயேவா? அப்பம் நான் எங்க." பிறகு என் முழங்கையைப் பிடித்தாள், ஈரக் கையை. "சரி, எனக்குச் சொல்லு. உள்ள என்ன செஞ்சா தப்பிக்கலாம்? ஏதாவது ஒரு வழி இருக்குமில்ல, நீ கண்டுபிடிக்காமலா வந்திருப்ப." இருக்கிறது. ஒரே வரி. எண்ணிக்கொண்டே இரு, கீழே பார்க்காதே. இவள் கணக்கில் புலி, ஆறு வரைக்கும் இறங்கிப் பாஸாகிவிடுவாள், திங்கட்கிழமை சீட்டில் உட்காருவாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஓட்டுவாள், கீழே சுடலைமணி குனிந்து பூட்டைத் திருகுவார். இவள் இல்லாவிட்டால் வேறு ஊரிலிருந்து வேறு யாரோ வந்து உட்காரத்தான் போகிறார்கள். வரட்டும். ஆனால் அங்கே உட்காருகிறவள் நான் சொல்லிக்கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டவளாக இருக்கக் கூடாது. இவளுடைய சின்னவனுக்குப் போன வாரம்தான் காது குத்தினோம், என் மடியில் உட்கார வைத்து. "சொல்லுட்டி." "கீழ பாரு" என்றேன். "ஆள் வாரானான்னு பாத்துக்கிட்டே இரு. ஆள் நின்னா நிறுத்திரு." "அப்பம் அந்த எண்ணுறது?" "அது போனாப் போவுது." "அப்பிடிச் செஞ்சா பாஸ் போட்டுருவாளா?" சிரித்தேன், எனக்குச் சிரிப்பு எப்போதும் சட்டென்று வந்துவிடும். "போட்டுருவா." சிலுவை போட்டுக்கொண்டு, ஜெபமாலையை என் கையில் திணித்துவிட்டு, அவள் கழுவின வாளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் கிளம்பியிருக்கலாம். மதினி பன்னிரண்டு மணிக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள், நித்திலா அழுதுகொண்டிருப்பாள். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தகரச் சுவர், உள்ளே பேசுவது எல்லாம் கேட்கிறது. அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க்கா. "நாலு மேடம்." பத்து நிமிடம். "நாலு." பொய் சொல்கிறாள், கெட்டிக்காரி, குரலிலேயே தெரிகிறது, நாக்குத் தடிக்கிறது. பதினைந்து. மணி அடித்தது. "இருநூத்தித் தொண்ணூத்தி மூணு." கணீரென்று வந்தது. "இருநூத்தி எம்பத்தாறு." எண்ணுடி. எண்ணிக்கொண்டே போ, நான் சொன்னதை மறந்துவிடு. "இருநூத்தி எழுவத்தொம்பது." அடுத்த மணி அடித்தது. உள்ளே சத்தம் இல்லை. என் உதடு தானாக எழுபத்திரண்டு என்றது. "அக்கா, நம்பர் சொல்லுங்க" என்றாள் கீர்த்தனா மேடம். இன்னொரு மணி அடித்தது.